பனையேறியும் இயற்பியலும்

பதினைந்து மீட்டர் உயரமுள்ள பனையின் உச்சியில் ஒருவருக்குக் கை நழுவிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். தரையைத் தொட அவருக்கு எவ்வளவு நேரம் ஆகும்? பள்ளி இறுதி வகுப்புக் கணக்குதான். நீங்களே போட்டுப் பார்க்கலாம். உயரத்தின் இரு மடங்கைப் புவியீர்ப்பு முடுக்கமாகிய 9.8 ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 1.75 விநாடி என்று வரும். தரையை எட்டும்போது அவருடைய வேகம் விநாடிக்கு 17 மீட்டருக்குச் சற்று அதிகம். அதாவது மணிக்கு 62 கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் விரைந்து செல்லும் பேருந்தின் வேகம் அது.

இந்த 1.75 விநாடியில் அவருக்கு ஒரு கீறல்கூட விழுவதில்லை என்பது சற்று வியப்பாக இருக்கலாம். காற்றில் விழுந்துகொண்டிருக்கும் உடல் எடையற்ற நிலையில் இருக்கிறது. காயம் முழுவதும் கடைசிப் பத்துச் சென்டிமீட்டரில், விழுவது நின்றுபோகும் இடத்தில் நேர்கிறது. பதினைந்து மீட்டரில் சேர்ந்த இயக்க ஆற்றல் பத்தே சென்டிமீட்டரில் செலவாக வேண்டுமானால், தரை அவர் உடலை அவருடைய எடையைப்போல் ஏறத்தாழ 150 மடங்கு விசையுடன் தள்ள வேண்டும். அறுபது கிலோ மனிதருக்கு இது ஒன்பது டன் எடைக்குச் சமம். அதே ஆற்றலை ஒரு மீட்டர் தொலைவில் செலவிட முடிந்தால் விசை 16 மடங்காகக் குறைந்துவிடும். நிற்கும் தொலைவை நீட்டினால் விசை குறையும். இது ஒன்றே பாதுகாப்புப் பொறியியலின் பாதி.

கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்தக் கணக்கு வெறும் பயிற்சிக் கணக்கு அன்று. பனையும் தென்னையும் செறிந்த இம்மண்ணில், மரம் ஏறி விழுந்து நடக்க இயலாமற்போன ஒருவரையேனும் அறியாத ஊர் அரிது. என் வகுப்பில் எறிபொருள் இயக்கம் நடத்தும்போதெல்லாம் மாணவர்களில் யாராவது ஒருவர் பனையை உதாரணமாகச் சொல்லிவிடுவார்.

ஒரு நாளில் தொள்ளாயிரம் மீட்டர்

பனையேறியின் வேலை என்ன என்பதை முதலில் பார்ப்போம். பாளையைக் கடிப்பு வைத்து நெரித்துப் பதப்படுத்தி, நுனியை மெல்லிய சீவலாகச் சீவி, சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டிவிட்டு இறங்க வேண்டும். ஊறுகிற இனிய சாற்றைப் பிற ஊர்களில் பதநீர் என்பார்கள். குமரி மாவட்டத்தில் அக்கானி. சீவிய இடம் காய்ந்துவிட்டால் ஊற்று நின்றுவிடும். ஆகவே பருவம் முழுவதும் காலையும் மாலையும் அதே மரத்தில் ஏறியாக வேண்டும். ஒருவர் முப்பது மரம் வைத்திருந்தால் நாளுக்கு அறுபது ஏற்றம். சராசரி உயரம் 15 மீட்டர் என்றால் நாளுக்கு 900 மீட்டர். பத்தே நாளில் அவர் கடல் மட்டத்திலிருந்து எவரெஸ்ட் சிகரத்தின் உயரத்தை ஏறிவிடுகிறார்! இடுப்பில் அரிவாள் பெட்டியும், இறங்கும்போது அக்கானி நிறைந்த கலனும் உண்டு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு ஏற்றத்திலும் அவரைத் தாங்குவது உராய்வு ஒன்றுதான். கைகள் மரத்தை அணைத்து உடலை உள்ளே இழுக்கின்றன. பாதங்கள் மரத்தை அழுத்துகின்றன. கால்களில் மாட்டியிருக்கும் திளாப்பு என்ற நார் வளையம் இரு பாதங்களும் விலகிவிடாமல் மரத்தைக் கவ்வ உதவுகிறது. உராய்வுக் கெழு 0.5 என்று கொண்டால், 60 கிலோ எடையைத் தாங்க மொத்தத்தில் 120 கிலோ எடைக்கு நிகரான அழுத்தம் மரத்தின்மேல் வேண்டும். ஒரு சாரல் பெய்து கெழு பாதியாகிவிட்டால் தேவையான அழுத்தம் இரட்டிப்பாகிவிடும். மாலையில், ஐம்பதாவது ஏற்றத்தில், தசைகள் அதைக் கொடுக்க மறுக்கலாம். உச்சியில் தண்டை விட்டு மட்டையைப் பிடிக்கும் அந்த ஒரு கணம் இன்னும் மோசமானது. அடி காய்ந்த மட்டை கையோடு வந்துவிடும். குளவிக் கூடு கலைந்தாலும் அவ்வளவுதான்.

விபத்து நடந்தால் “கவனம் போதவில்லை” என்று சொல்லிவிடுவது நம் வழக்கம். நாளுக்கு அறுபது முறை, பருவத்துக்குப் பல ஆயிரம் முறை செய்யும் ஒரு செயலில் ஒரு முறைகூடக் கவனம் பிசகாமலிருக்க மனித உடலால் முடியாது. இதைக் குற்றமாகக் கருதுவதைவிட, பிசகும் என்று முன்கூட்டியே எண்ணி ஏற்பாடு செய்வதே அறிவியல் முறை.

கயிறு நீள வேண்டும்

நெய்யூர் மருத்துவமனையைக் குமரி மாவட்டத்தார் அறிவர். இலண்டன் மிஷன் அங்கே 1838 இல் தொடங்கிய மருத்துவப் பணியின் தொடர்ச்சி அது. அங்குப் பல ஆண்டுகள் அறுவை மருத்துவராக இருந்த ஹோவர்டு சோமர்வெல் 1922 இலும் 1924 இலும் எவரெஸ்ட் ஏறச் சென்ற குழுக்களில் ஒருவர். இரண்டாம் முறை ஆக்சிஜன் உருளை இல்லாமலே சுமார் 8,500 மீட்டர் உயரம் வரை போனவர். உலகின் மிக உயர்ந்த மலையில் ஏறியவர், ஏறுவதையே தொழிலாகக் கொண்ட மக்கள் வாழும் ஊரில் வந்து மருத்துவம் செய்தார் என்பது இனிய தற்செயல்.

அவர் காலத்து மலையேறிகளின் கயிறு இயற்கை நாரால் திரித்தது. அது அதிகம் நீளாது. விழுபவரைப் பிடிக்கும், ஆனால் வெடுக்கென்று பிடிக்கும். கயிறு அறுந்துபோகலாம், அறாவிட்டால் விலா எலும்பு முறியலாம். இரண்டாம் உலகப் போரை ஒட்டி நைலான் கயிறு வந்தபின்தான் நிலைமை மாறியது. நைலான் வலுவானது என்பதோடு, நீளவும் செய்கிறது. கயிறு நீள்வதும் நிற்கும் தொலைவு நீள்வதும் ஒன்றே.

கணக்கைப் பாருங்கள். ஒருவர் ஒன்றரை மீட்டர் விழுந்தபின் கயிறு இறுகி, ஐந்தே சென்டிமீட்டரில் அவரை நிறுத்துகிறது என்றால், சராசரி விசை அவர் எடையைப்போல் 31 மடங்கு. 60 கிலோ மனிதருக்கு 1,860 கிலோ எடை. இடையில் ஒரு மடித்துத் தைத்த பட்டையை வைத்து, அதன் தையல் பிரிந்து பிரிந்து 75 சென்டிமீட்டர் நீளும்படி செய்தால் சராசரி விசை மூன்று மடங்குதான், 180 கிலோ. கட்டுமானத் தொழிலாளர் அணியும் நல்ல வார்ப்பட்டைகளில் இந்த மடித்த பட்டை இருக்கும். பிடிக்கும் விசை எக்கணத்திலும் 6,000 நியூட்டனைத் தாண்டக் கூடாது என்று பல நாட்டுத் தரவிதிகள் கூறுகின்றன. இது சுமார் 610 கிலோ எடை. இடுப்பில் மட்டும் கட்டும் பெல்ட்டை விடத் தொடை, மார்பு, தோள் எல்லாவற்றையும் சுற்றிய வார்ப்பட்டை ஏன் மேல் என்பதும் இதிலிருந்து விளங்கும். விசை இடுப்பெலும்பிலும் தொடையிலும் பரவ வேண்டுமே அன்றி, வயிற்றில் குவியக் கூடாது.

ஆனால் பெல்ட் மட்டும் போதாது. வார்ப்பட்டையில் அசையாமல் தொங்குபவரின் இரத்தம் கால்களில் தேங்குகிறது. நேரம் கடந்தால் மயக்கமும் உயிராபத்தும் உண்டு. ஆகவே அவரை விரைவில் இறக்கக் கீழே ஓர் ஆள் வேண்டும், அவருக்கு இறக்கும் வழி தெரிந்திருக்க வேண்டும். தனியாக மரமேறுபவரிடம் பெல்ட்டைக் கொடுத்துவிட்டு, “பாதுகாப்பு அளித்துவிட்டோம்” என்று கணக்கு எழுதுவது பாதி வேலை.

செம்பேரி ஜோசப்பின் கருவி

கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்துச் செம்பேரியைச் சேர்ந்த ஜோசப் என்ற விவசாயி தென்னை ஏறும் கருவி ஒன்றைச் செய்தார். இன்று தென்னிந்தியா முழுவதும் பரவியிருக்கும் கருவிகள் பலவும் அதன் வழி வந்தவை. இரண்டு சட்டங்கள், ஒவ்வொன்றிலும் மரத்தைச் சுற்றி வரும் கம்பி வளையமும் ஒரு மிதியும். ஒன்றில் நின்றுகொண்டு மற்றதை மேலே தூக்க வேண்டும், பிறகு அதில் நின்றுகொண்டு முதலாவதைத் தூக்க வேண்டும். படியேறுவது போலத்தான்.

இதன் பூட்டும் முறை அழகானது. வளையம் மரத்தின் அப்புறத்தில் சற்று மேலே இழுக்கிறது. சட்டத்தின் முட்டு இப்புறத்தில் சற்றுக் கீழே அழுத்துகிறது. மிதி மரத்துக்கு வெளியே நீண்டிருப்பதால், அதில் நிற்பவரின் எடை சட்டத்தைச் சுழற்றப் பார்க்கிறது. அந்தத் திருப்புத்திறனே வளையத்தையும் முட்டையும் மரத்தோடு இறுக்குகிறது. எடை கூடினால் பிடியும் அதே விகிதத்தில் கூடும். சமன்பாட்டை எழுதிப் பார்த்தால் எடை இரு பக்கத்திலும் வந்து அடிபட்டுப் போவதைக் காண்பீர்கள். பருத்தவருக்கும் மெலிந்தவருக்கும் கருவி ஒன்றுபோலவே பிடிக்கிறது. மரத்தின் நடு அச்சிலிருந்து பாதம் எவ்வளவு தள்ளி இருக்கிறது, வளையத்துக்கும் முட்டுக்கும் உயர வேறுபாடு எவ்வளவு, மரம் எவ்வளவு சொரசொரப்பு என்ற மூன்றே தீர்மானிக்கின்றன. காலைத் தளர்த்தியதும் பிடி விட்டுவிடும்.

தென்னை வளர்ச்சி வாரியம் 2011 இல் ‘தென்னையின் நண்பர்கள்’ என்ற பயிற்சித் திட்டத்தைத் தொடங்கி, இத்தகைய கருவியில் ஏறக் கற்றுக்கொடுத்து, கருவியையும் தந்து, விபத்துக் காப்பீட்டிலும் சேர்த்தது. பயிற்சி, கருவி, காப்பீடு ஆகிய மூன்றையும் ஒன்றாக முடிந்ததே இத்திட்டத்தின் சிறப்பு. மரம் ஏறும் வேலையை நினைத்தும் பாராத பெண்கள் பலர் இதன் வழியாகத் தென்னை ஏறினார்கள்.

அப்படியானால் பனையேறி ஏன் இதைத் தோளில் மாட்டிக்கொண்டு போவதில்லை? பழமை விரும்பி என்று சொல்லிவிடலாம். அது சோம்பேறித்தனமான விடை. தென்னையில் காய் பறிக்க ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை ஏறினால் போதும். பனையில் நாளுக்கு இரு முறை. ஒரு மரத்தில் கருவியை மாட்டிக் கழற்ற ஐந்து நிமிடம் ஆகுமென்று கொண்டால், அறுபது ஏற்றத்துக்கு ஐந்து மணி நேரம் அதற்கே போய்விடும்! மேலும் பனை அடியில் பருத்து மேலே சிறுப்பது. போகப்போக வளையத்தைச் சரிசெய்ய வேண்டும். சில மரங்களில் பழைய மட்டையின் அடிக்கருக்கு வேறு. கருவியை வடிவமைப்பவர் இதையெல்லாம் பனையேறியிடம் உட்கார்ந்து கேட்டால்தான் தெரியும். மரத்தோடு பருவம் முழுவதும் ஒரு கயிற்றை விட்டுவைத்து, ஏறுபவர் வார்ப்பட்டையையும் அக்கயிற்றில் ஓடும் ஒரு பூட்டையும் மட்டும் கொண்டு செல்லலாமே என்பது ஒரு யோசனை. மரத்துக்கு 20 மீட்டர், முப்பது மரத்துக்கு 600 மீட்டர் கயிறு. வெயிலில் நைலான் நைந்துபோகும், ஆண்டுதோறும் மாற்ற வேண்டும். செலவு யாருடையது? இந்தக் கேள்விக்குப் பிறகு வருவோம்.

விழுந்த பின் முதல் பத்து நிமிடம்

பாதம் ஊன்றியோ உட்கார்ந்த நிலையிலோ விழுபவரின் உடலில் விசை கீழிருந்து மேலே ஏறுகிறது. குதிகால் எலும்பு நொறுங்கும். அதே விசை முதுகெலும்புக்குப் போகும். விலாக்கூட்டால் கட்டுண்டு விறைப்பாக உள்ள மேல்முதுகும், எளிதில் வளையும் இடுப்பு முதுகும் சந்திக்கும் இடத்தில்தான் முறிவு மிகுதி. விறைப்பும் நெகிழ்வும் சந்திக்கும் மூட்டு உடைவது எந்தக் கட்டமைப்பிலும் காண்பதே. ஆகவே விழுந்தவருக்குக் குதிகாலில் வலி என்றால் முதுகையும் ஐயுற வேண்டும்.

முறிந்த எலும்புக்குள் ஓடும் தண்டுவடம் அந்நேரம் சிதையாமலே இருக்கலாம். ஓடி வருகிற நாம், அன்பு மிகுதியால், அக்குளில் கை கொடுத்துத் தூக்கி உட்காரவைத்து, வாயில் தண்ணீர் ஊற்றி, மடக்கி ஆட்டோவில் ஏற்றும்போது முறிந்த எலும்பின் முனை அதை அறுத்துவிடக்கூடும். மரம் விட்டுவைத்ததை ஆட்டோ முடித்துவைக்கிறது. செய்ய வேண்டியது இதுதான்: 108 ஐ அழையுங்கள். அவரை அசைக்காமல், தலையை ஒருவர் இரு கைகளாலும் பிடித்துக்கொள்ளட்டும். நகர்த்தியே ஆக வேண்டுமென்றால் தோள், இடுப்பு, கால் என்று மூவர் பிடித்து, தலையைப் பிடித்தவர் சொல்லும் ஒரே சொல்லுக்கு, மரத்தடியை உருட்டுவதுபோல் உடல் முழுவதையும் ஒன்றாகப் புரட்டி, கீழே ஒரு பலகையைச் செருக வேண்டும். கழற்றிய கதவு போதும். நான்கு பேருக்கு அரைமணி நேரத்தில் இதைப் பழக்கிவிடலாம். கல்லூரி நாட்டு நலப்பணித் திட்டத்தில் மரம் நடுகிற நாள்களில் ஒன்றை இதற்கு ஒதுக்கினால் நல்லது.

சதுர சென்டிமீட்டருக்கு 43 கிராம்

தண்டுவடம் அறுபட்டவர்கள் முன்பெல்லாம் ஓரிரு ஆண்டில் இறந்துவிடுவார்கள். முதுகு முறிவு அவர்களைக் கொல்லவில்லை. படுக்கைப்புண்ணும் சிறுநீர்த் தொற்றும் கொன்றன. 1944 இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் என்ற மருத்துவர் தண்டுவடப் பிரிவைத் தொடங்கி, இரண்டு மணிக்கு ஒருமுறை, இரவிலும்கூட, நோயாளிகளைப் புரட்டிப் படுக்கவைக்க ஏற்பாடு செய்தார். புண் குறைந்தது, பிழைத்தவர்கள் பெருகினர்.

காரணம் அழுத்தம். தோலின் நுண்ணிய இரத்தக் குழாய்களில் அழுத்தம் ஏறத்தாழ 32 மில்லிமீட்டர் பாதரசம். அது சதுர சென்டிமீட்டருக்கு 43 கிராம் எடைதான். வெளியிலிருந்து அதைவிட அதிகமாக அழுத்தினால் இரத்த ஓட்டம் நிற்கும். உட்கார்ந்திருப்பவரின் 40 கிலோ எடை கெட்டியான பலகையில் 400 சதுர சென்டிமீட்டரில் விழுந்தால் 100 கிராம். எலும்பு முனைக்கு நேர்கீழே இன்னும் அதிகம். நல்ல மெத்தையில் 1,000 சதுர சென்டிமீட்டரில் பரவினால் 40 கிராம். நீங்களும் நானும் பலகையில்தான் உட்காருகிறோம், ஏன் புண்ணாவதில்லை? நரம்பு உணர்த்த, நாம் அறியாமலே நெளிந்துகொண்டிருக்கிறோம். உணர்வு போனவருக்கு அந்த எச்சரிக்கை இல்லை. கால்மணி, அரைமணிக்கு ஒருமுறை கைகளை ஊன்றி உடலைச் சற்றுத் தூக்க அவர் பழக வேண்டும்.

நம் நாட்டில் இந்தப் பணிக்கு வழிகாட்டியவர், தாமே சக்கர நாற்காலியில் இருந்த மருத்துவர் மேரி வர்கீஸ். 1954 இல் சாலை விபத்தில் கால்கள் செயலிழந்தபின், அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்யப் பழகினார். பிறகு அமெரிக்காவில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மறுவாழ்வு நிலையம் 1966 இல் திறக்கப்பட்டது. தென்காசிக்கு அருகே ஆய்க்குடியில் 1981 இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணனும் அப்படியே. கடற்படைத் தேர்வுக்குச் சென்ற இடத்தில் 1975 இல் உயரத்திலிருந்து விழுந்து, கழுத்துக்குக் கீழ் செயலிழந்தவர் அவர். தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களுக்கு அங்கே பயிற்சி அளிக்கிறார்கள். ஆய்க்குடி நாஞ்சில் நாட்டிலிருந்து எட்டாத தொலைவில் இல்லை.

எந்தப் பணப்பை?

கயிற்றுச் செலவு யாருடையது என்று கேட்டோம். 1884 இல் ஜெர்மனி ஒரு விபத்துக் காப்பீட்டுச் சட்டம் இயற்றியது. ஒவ்வொரு தொழிலின் முதலாளிகளும் சங்கமாகச் சேர்ந்து பணம் போட வேண்டும். அடிபட்டவரின் மருத்துவத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் அச்சங்கமே பொறுப்பு. நாளடைவில் விபத்துத் தடுப்பும் மறுவாழ்வும் அதே சங்கத்தின் கைக்கு வந்தன. இதன் நுட்பம் புரிகிறதா? விபத்து நடந்தால் எந்தப் பையிலிருந்து பணம் போகிறதோ, அதே பையிலிருந்துதான் கயிறும் வாங்க வேண்டும். அப்போது கயிறு மலிவாகத் தோன்றும். அடிபட்டவர் வேலைக்குத் திரும்புவதும் எல்லாருக்கும் ஆதாயமாகிவிடும்.

நம் நாட்டில் 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த இ.எஸ்.ஐ. திட்டம் இதற்கு நெருங்கியது. வேலையில் அடிபட்டவர் குணமாகும்வரை கூலியில் 90 விழுக்காடு கிடைக்கும். ஆனால் அது ஆலைக்கும் அலுவலகத்துக்கும். பனையேறிக்கு முதலாளி ஏது? மரம் ஒருவருடையது, உழைப்பு இவருடையது, அக்கானியில் பங்கு. பனைமரத் தொழிலாளர்களுக்கென்று தமிழ்நாட்டில் நல வாரியம் இருக்கிறது. பதிவு செய்தவர்க்கு விபத்து உதவித்தொகை உண்டு. எனினும் உதவித்தொகை ஒரு பை, மருத்துவமனை இன்னொரு பை, கருவி ஆராய்ச்சி மூன்றாம் பை. மரத்தின் சொந்தக்காரரின் பையோ இவற்றில் எதிலும் சேரவில்லை. ஒவ்வொரு கிலோ கருப்பட்டியின் விலையிலும் சிறு தொகையை ஒதுக்கி, கூட்டுறவுச் சங்கம் வழியாகக் கயிற்றுக்கும் வார்ப்பட்டைக்கும் செலவிட்டால், மரம் உடையவரும் உண்பவரும் பங்கேற்றவர் ஆவார்கள். கருப்பட்டி உண்ணும் நமக்கு அது பாரமாக இராது.

இனி, திரும்பி வருபவருக்கு என்ன வேலை? அவர் மீண்டும் மரம் ஏறப்போவதில்லை. ஆனால் எந்தப் பாளை எப்போது நெரிபடும், சீவல் எவ்வளவு மெல்லியதாக இருக்க வேண்டும், அரிவாளை எப்படித் தீட்டுவது என்பதெல்லாம் அவர் கையில் இருக்கிறது. குட்டைப் பனையில் இளைஞர்க்கு இதைக் கற்றுக்கொடுக்க நாற்காலியில் இருந்தபடியே முடியும். கயிறுகளையும் வார்ப்பட்டைகளையும் சோதித்துத் தள்ளுபடி செய்யும் பொறுப்பை அவரைவிட அக்கறையாக யார் பார்ப்பார்கள்? கருப்பட்டி காய்ச்சும் அடுப்பருகே மட்டும் எச்சரிக்கை தேவை. உணர்வற்ற கால்கள் வெந்துபோவது அவருக்கே தெரியாது. அடுப்புக்கும் அவருக்கும் இடையே ஒரு தடுப்புச் சுவர் எழுப்பிவிடலாம்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால், அவர் தம் வீட்டுத் திண்ணையைத் தாண்டி வெளியே வர வேண்டும். திண்ணை அரை மீட்டர் உயரம் என்று வைப்போம். நாற்காலியோடு சேர்ந்து 80 கிலோ. ஒன்றரை மீட்டர் நீளத்தில் சரிவு கட்டினால், மேலே ஏற அவர் சுமார் 25 கிலோ விசையுடன் சக்கரத்தைத் தள்ள வேண்டும். முடியாது, பின்னோக்கிக் கவிழவும் கூடும். பன்னிரண்டுக்கு ஒன்று என்ற சரிவில் கட்டினால் 7 கிலோவுக்கும் குறைவு, தனியாகவே ஏறிவிடுவார். அதற்கு ஆறு மீட்டர் நீளம் வேண்டும். முற்றம் சிறியதென்றால் மூன்று மீட்டர் போய், ஒரு சமதளத்தில் திரும்பி, இன்னொரு மூன்று மீட்டர். அகலம் ஒரு மீட்டருக்குக் குறையக் கூடாது. சிமெண்டுப் பூச்சைப் பளபளப்பாக இழைக்காமல், துடைப்பத்தால் கீறிச் சொரசொரப்பாக விட வேண்டும். ஊர்க் கொத்தனார் இரண்டே நாளில் முடித்துவிடுவார்.